பச்சை கேட்ட அம்மனும் நீல மோட்டாரும்

ஜெயபாலனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். ஏதோ தத்துவம் பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம், அவன் கண் அப்படி. பிறந்ததிலிருந்தே செம்பருத்திப் பூவும் அதன் இலையும் அவனுக்கு ஒரே பழுப்பு. சாலை விளக்கில் மேலே எரிந்தால் நிற்பான், கீழே எரிந்தால் போவான். மிளகாய் பறித்து வரச் சொன்னால் பழமும் காயுமாகக் கலந்து வரும். பதினைந்து வருடமாக ஓட்டிய கப்சாய் மோட்டார்சைக்கிள் சிவப்பு என்பதை அதன் பதிவு கிராண்டில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் தெரிந்துகொண்டான். நாற்பத்தெட்டு வயதுவரை இந்தச் சங்கதி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒன்று அவன், இன்னொன்று அவன் மனைவி புனிதா.

புனிதாவுக்குக் கல்யாணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது. "பச்ச வாளிய எடுத்தாங்க" என்றாள். சிவப்பு வாளியைக் கொண்டுவந்தான். வம்பு செய்கிறான் என்று நினைத்துத் திருப்பி அனுப்பினாள். மறுபடியும் அதே வாளி வந்தது. மூன்றாம் முறை அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றபோது அவன் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அவனுக்குச் சட்டை எடுத்து வைப்பது அவள்தான், வேறு ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. செமோருக்கு அப்பால், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை வாங்கும் ரேம்ப் ஒன்றில் அவனுக்கு வேலை. சிறுதோட்டக்காரர்கள் லாரியில் கொண்டுவந்து கொட்டும் குலைகளில் எது பழம், எது காய் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் நிறத்தைப் பார்த்துச் சொல்வார்கள். கறுத்திருந்தால் காய், சிவந்திருந்தால் பழம். ஜெயபாலன் நிறத்தின் பக்கமே போவதில்லை. குனிந்து கட்டைவிரலால் குலையைத் தடவுவான். பழம் தானாக உதிர்ந்த இடத்தில் சின்னக் குழி இருக்கும். அந்தக் குழிகள் பத்து தட்டுப்பட்டால் அது பழம். தட்டுப்படாவிட்டால் ராஜா வீட்டுக் குலையானாலும் காய்தான். பாலன் கைவைத்த குலைக்கு மறுபேச்சு இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். சிவப்பு தெரியாத ஆள் சிவப்பைத் தரம் பிரிக்கிறான் என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்தாலும் அந்தப் பெயர் காற்றில் போய்விடும் என்று அவன் பயந்தான்.

இந்த மட்டோடு நின்றிருந்தால் தேவலை. ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி வெள்ளியில் வசமாக மாட்டிக்கொண்டான்.

கோயில் இருக்கும் ஏழாங்கட்டை முன்பெல்லாம் ரப்பர் தோட்டம். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. ஜனங்கள் செமோரிலும் ஈப்போவிலும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மாரியம்மன் மட்டும் போகவில்லை, ஆகவே ஆடி மாதம் எல்லாரும் அவளைத் தேடி வருவார்கள். கோயில் தலைவர் பத்துமலை, ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை வைத்திருப்பவர். அந்த வருடம் மூன்றாம் வெள்ளிக்கு அம்மனுக்குச் சிவப்புப் பட்டு வாங்கிவரும் பொறுப்பை அவர் ஜெயபாலன் தலையில் கட்டினார். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கும் புனிதாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. அவன் தனியாக ஈப்போவுக்குப் போனான். புடவைக் கடையில் திருவிழாக் கூட்டம். சிவப்பு வேண்டும் என்று வாய்விட்டுத்தான் கேட்டான். கடைப்பெண் மேசையில் கிடந்த குவியலைக் காட்டி, "செவப்பு அதுலயே இருக்குண்ணே, சரிக பாத்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அவன் சரிகையை நன்றாகப் பார்த்தான். தரமான சரிகையாகப் பார்த்து எடுத்தான்.

கோயிலில் முந்நூறு பேர் முன்னால் பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கிளிப்பச்சை. மேளம்கூட ஒரு நொடி நின்றதாகச் சொல்வார்கள்.

"என்னாப்பா பாலா, பச்சயா இருக்கு?" என்று பத்துமலை கேட்டார்.

கடைக்காரி மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். மறுபடி போய் வாங்கி வருகிறேன் என்றிருக்கலாம். பயத்தில் அவன் வாயில் வந்தது வேறு. "அவதான் கேட்டா, தலைவரே. கனவுல."

கூட்டத்தில் ஒரு பெண் குலவை போட்டாள். அவ்வளவுதான், கோயிலே அதிர்ந்தது. பத்துமலைக்குக் கண் கலங்கிவிட்டது. போதாக்குறைக்கு அந்த மாதமே குலை விலை ஏறியது, ஆறு வருடமாகப் பிள்ளையில்லாமல் இருந்த பத்துமலையின் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. அன்று தொடங்கியது பச்சை சாத்து விழா. ஆண்டுதோறும் ஆடி மூன்றாம் வெள்ளி அம்மனுக்குப் பச்சைப் பட்டு. பெண்கள் எல்லாரும் பச்சைப் புடவை. லகாட்டிலிருந்து பஸ் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கனவு கண்ட ஜெயபாலனுக்கு முதல் மாலை. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டு நிற்பான். எவ்வளவு அடக்கம் பார் இந்த மனுசனுக்கு என்று ஊர் மெச்சும். கோயிலில் கூடியிருந்த அத்தனை பச்சையும் அவன் கண்ணுக்குக் காய்ந்த ஓலைக் குவியல்.

இப்படிப்பட்டவன் இந்த வருடம் புது மோட்டார் வாங்கக் கிளம்பினான்.

கிளப்பிவிட்டது விக்னேஸ்வரன். இன்டர்நெட் கேபிள் இழுக்கும் வேலை, முப்பத்தாறு வயது, ஓரிடத்தில் உட்காராத உடம்பு. பழைய தோட்டங்களுக்குள் மூடிக் கிடக்கும் முனீஸ்வரர் கோயில்களைத் தேடிப்போய் விளக்கேற்றி வரும் பழக்கம் அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் உண்டு. ஜெயபாலனும் தன் கப்சாயில் கூடப் போவான், அவனோடு சேர்த்து ஏழு பேர். மழை பெய்தால் கப்சாய் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும், ஏழு பேரும் சேர்ந்து தூக்குவார்கள். ஒரு நாள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு விக்னேஸ்வரன் சொன்னான்: "போதும்ணே. ஏழு பேரும் ஸ்கிராம்பளர் எடுத்துருவோம்." தார்ச் சாலையிலும் ஓடும், சேற்றிலும் ஓடும், உயரமான அந்த மோட்டாருக்கு ஊரில் அதுதான் பெயர்.

ஜெயபாலனுக்கு ஆசை பற்றிக்கொண்டது. வாழ்க்கையில் அவன் புதிதாக ஒரு வண்டி எடுத்ததே இல்லை. ஒரு சனிக்கிழமை புனிதாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஈப்போவில் ஆ கீட் என்பவரின் மோட்டார் கடைக்குச் சும்மா பார்த்துவரப் போனான். முன்னால் இரண்டு ஸ்கிராம்பளர்கள் பளபளவென்று நின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்று புனிதா காதோடு சொன்னாள். அவன் சுற்றிச் சுற்றி வந்தான். சக்கரம் பிடித்தது, உயரம் பிடித்தது, சத்தம் பிடித்தது. நிறம் மட்டும் இரண்டிலும் சேறு பூசியதுபோல் இருந்தது. சேறு பூச வேண்டிய மோட்டார்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

கழிப்பறைக்குப் போக வழி கேட்டு உள்ளே நடந்தவன் நடுவழியில் நின்றுவிட்டான். கடையின் பின்கட்டில், டயர் அடுக்குக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில், அதே மோட்டார் இன்னொன்று நின்றது. அதன் மேல் தூசி. தூசிக்குள்ளிருந்து அந்த நிறம் அவன் முகத்தில் வந்து அடித்தது. நீலம். யாரையும் கேட்க வேண்டியதில்லை, எதையும் படிக்க வேண்டியதில்லை. கையால் தூசியைத் துடைத்தான். துடைத்த இடத்தில் இன்னும் நீலமாக இருந்தது. கழிப்பறையை மறந்தே போனான்.

ஆ கீட் வந்தார். பாதித் தமிழும் பாதி மலாயுமாகப் பேசுகிற மனிதர். "அண்ணே, இது போன வருசம் மோடல். பீரு, நீலம், யாரும் கேக்கல லா. முன்னால வா. ஈஜாவ், பச்ச, அதான் புதுசு."

"ஓடுமா?" என்று ஜெயபாலன் கேட்டான்.

"ஓடும். சாமா, ஒண்ணுதான். கலர் மட்டும் வேற."

வீட்டுக்குத் திரும்பும்போது கப்சாயில் அவன் வாய் மூடவில்லை. தொட்டிக்கு அடியில்கூட நீலம், பார்த்தியா? முன் சக்கரத்து மேல் தகடும் நீலம், பார்த்தியா? புனிதா எல்லாவற்றுக்கும் உம் கொட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவன் ஒரு நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

மறுநாள் விக்னேஸ்வரன் வீட்டுக்கே வந்துவிட்டான், முகமெல்லாம் பல். "அண்ணே, பேசி முடிச்சாச்சு. ஏழும் பச்ச. அம்மா உன் கனவுல கேட்ட பச்ச. ஜெர்சிகூட பச்சையில அடிக்கக் குடுத்துட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம எல்லாரும் ஆ கீட் கடைக்குப் போலாம். தலைவரு மாலையோட வர்றாரு. மொத மோட்டாரு உனக்குத்தான்."

ஜெயபாலன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து விக்னேஸ்வரன் மகிழ்ந்து போனான். சமையலறையிலிருந்து பார்த்த புனிதாவுக்கு மட்டும் பாவமாக இருந்தது.

அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "சொல்லிருங்க."

"என்னான்னு சொல்றது? அம்மா கேக்கல, கண்ணுதான் தெரியலன்னா? முந்நூறு பேரு ஒம்போது வருசமா பச்ச கட்டறாங்க. ரேம்ப்ல வேற நாளைக்கே ஆளாளுக்கு கொலய தூக்கிக் காட்டி இது என்னா கலருன்னு கேப்பான்."

"அப்ப பச்சையவே எடுங்க."

"எடுக்கலாம்" என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "ஒரு பொருளாவது என் கண்ணுக்குத் தெரியற மாதிரி வச்சுக்கணும்னு இருக்கு, புனிதா" என்றான்.

அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆ கீட் கடை கோயில் மாதிரி ஆகிவிட்டது. ஏழு பேர், அவர்களின் மனைவிமார், பத்துமலை, அவர் கையில் சாமந்தி மாலை, ஒரு தட்டில் எலுமிச்சைப் பழம். படம் எடுக்க வசதியாக ஆ கீட் சிவப்பு ஒன்றையும் பச்சை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். வருகிற வழியிலேயே புனிதா சொல்லிக் கொடுத்திருந்தாள்: இடது பக்கம் பச்சை, வலது பக்கம் சிவப்பு. போன வாரம் அப்படித்தான் நின்றன. அவர்கள் காப்பி குடிக்க உட்கார்ந்திருந்தபோது கடைப்பையன்கள் வெயில் படாமல் இருக்க இரண்டையும் இடம் மாற்றி நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை.

"அண்ணே, மொதல்ல நீதான் தொடணும்" என்றான் விக்னேஸ்வரன். பத்து கைத்தொலைபேசிகள் உயர்ந்தன.

ஜெயபாலன் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டான். நேராக நடந்துபோய் இடது பக்க மோட்டாரின் மேல் பக்தியோடு கையை வைத்தான்.

ஒருவரும் கை தட்டவில்லை. அவன் திரும்பிப் பார்த்தபோது புனிதா நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அது செவப்பு" என்று விக்னேஸ்வரன் மெதுவாகச் சொன்னான்.

சிரித்துச் சமாளித்திருக்கலாம். அதற்குள் பத்துமலை முன்னால் வந்துவிட்டார். "பாலா, மறுபடியும் கனவு வந்துச்சா? இந்தத் தடவ செவப்பு கேக்கறாளா?"

"ஆமாணே, கண்ண மூடிக் கும்பிட்டுட்டுத்தான் வச்சாரு" என்றார் யாரோ. ஒரு பெண் குலவைக்கு வாயைக் குவித்தாள். விக்னேஸ்வரன் ஆ கீட்டை நோக்கிக் கையை ஆட்டினான். "தவுக்கே, ஏழையும் செவப்பா மாத்து. ஜெர்சியையும் மாத்திருவோம்."

ஜெயபாலனுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒரு பொய்க்கே ஒன்பது வருடமாக மாலை போட்டுக்கொண்டிருக்கிறான். இதோ இரண்டாவது பொய், அவன் வாயே திறக்காமல், அவன் கண்முன்னால் பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆடிக்கு என்ன ஆகும்? பச்சையை அவிழ்த்துவிட்டுச் சிவப்பா? அம்மனைத் தன் கண் இப்படி ஆட்டி வைப்பதா?

"கனவும் வரல, ஒண்ணும் வரல" என்றான். குரல் அவன் நினைத்ததைவிட உரக்க வந்தது. "எனக்குத் தெரியல, தலைவரே. செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணு. பொறந்ததுலேருந்து. அன்னைக்கு அந்தப் பட்டு, தெரியாமத்தான் எடுத்தாந்தேன். பயத்துல கனவுன்னு சொல்லிட்டேன்."

விக்னேஸ்வரன் இரண்டு மோட்டார்களையும் மாறி மாறிப் பார்த்தான், ஏதோ தவறு அவற்றின் மேல் இருப்பதுபோல.

"நெசமாவா?" என்றான்.

"நெசந்தான்" என்று புனிதா பதில் சொன்னாள். "இருவத்திரெண்டு வருசமா சட்ட எடுத்து வைக்கறது நான்தான். வேணும்னா என்னையத் திட்டுங்க."

பத்துமலை திட்டவில்லை. அவர் கேட்டது அம்மனைப் பற்றியே இல்லை. "அப்ப இத்தன வருசமா என் கொலைய எத வச்சுப் பாத்த?"

"வெரல வச்சு" என்றான் ஜெயபாலன்.

பத்துமலை மாலையைத் தட்டில் வைத்தார். வெளியே போய் லாரியில் ஏறிவிட்டார். அன்று யாரும் மோட்டார் எடுக்கவில்லை.

இரண்டு நாள் ஜெயபாலன் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஒரு விசித்திரம், நெஞ்சு லேசாக இருந்தது. ஒன்பது வருடமாகக் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றியது போல் இருக்கிறது என்று புனிதாவிடம் சொன்னான். "கழத்திட்டாங்கன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

புதன்கிழமை காலை பத்துமலையின் லாரி ரேம்பில் வந்து நின்றது. பின்னால் விக்னேஸ்வரனின் கூட்டம் முழுவதும். செய்தி பரவிவிட்டிருந்ததால் குலை கொட்ட வந்த மற்ற சிறுதோட்டக்காரர்களும் போகாமல் நின்றார்கள். பத்துமலை இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"திரும்பி நில்லு" என்று சொல்லி ஜெயபாலனின் கண்ணை இறுகக் கட்டினார். "இருவது கொல இருக்கு. எது பழம், எது காயின்னு சொல்லு."

ஜெயபாலன் குனிந்தான். இருட்டு அவனுக்கு ஒன்றும் புதிதில்லை, குலை விஷயத்தில் அவன் கண் எப்போதுமே சும்மாதான் இருந்தது. கட்டைவிரல் நடந்தது. "பழம்" என்றான். "பழம். காய். பழம்." ஒவ்வொன்றுக்கும் பத்துமலை தன் கண்ணால் பார்த்து ஒரு உறுமல் உறுமினார். பதினான்காவது குலையில் விரல் நின்றது. மறுபடி தடவினான். விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"இது காய்" என்றான்.

"நல்லாப் பாரு. குழி பதினஞ்சு இருக்கு."

"குழி இருக்கு தலைவரே. தானா உதுந்த குழி வழவழன்னு இருக்கும். இது பிச்செடுத்த மாதிரி நார் நாரா இருக்கு. பாராங் கத்திப் பிடியால யாரோ தட்டி உதுத்திருக்காங்க."

கூட்டம் பத்துமலையைப் பார்த்தது. பத்துமலை வானத்தைப் பார்த்தார். "நான்தான் நேத்து தட்டினேன்" என்றார். "சோதிக்கணும்ல."

சோதனைக்குத்தான் தட்டினாரா, வழக்கமாகவே தட்டுவாரா என்று ஒரு சிறுதோட்டக்காரர் கேட்டார். அவர் குனிந்து பதினைந்தாவது குலையை முன்னால் தள்ளினார். எல்லாரும் சிரித்த சிரிப்பில் ரேம்பின் தகரக்கூரை அதிர்ந்தது. கண்கட்டை அவிழ்த்தபோது ஜெயபாலனின் கண் நனைந்திருந்தது. துண்டு இறுக்கம் என்று சொல்லிக்கொண்டான். அன்று மாலைக்குள் அவன் பெயர் பழையபடி ஆகிவிட்டது. சரியாகச் சொன்னால் முன்பைவிடக் கூடிவிட்டது.

"அம்மாளுக்கு என்னா சொல்றது, தலைவரே?" என்று கேட்டான். இரண்டு நாளாக அவனை அரித்தது அதுதான்.

பத்துமலை லாரிப் படியில் உட்கார்ந்தார். "யோசிச்சேன்லா. கனவுன்னு நீ சொன்னது பொய்யி. அதுக்கு இந்த ஆடிக்கு அன்னதான அண்டா பூராவும் நீதான் கழுவற. ஆனா அந்தப் பச்ச, அது அவளோடது. ஒம்போது வருசம் கட்டிக்கிட்டு நின்னிருக்கா. புடிக்கலன்னா அவளுக்குச் சொல்லத் தெரியாதா? பச்சைய யாரும் மாத்தக் கூடாது."

"சரி தலைவரே."

"மொத மால ஒனக்குக் கெடையாது."

"ரொம்ப சந்தோசம், தலைவரே" என்றான் ஜெயபாலன், மனமார.

நீல மோட்டார் வேண்டும் என்று ஜெயபாலன் சொன்னதும் விக்னேஸ்வரனுக்குத்தான் மனம் ஆறவில்லை. "ஏழு பச்சன்னு நெனச்சு வச்சிருந்தேன்ணே. ஆறு பச்ச, ஒரு நீலம்னா படத்துல எப்படி இருக்கும்?"

"எனக்கு எப்படி இருந்தாலும் ஒண்ணுதான், விக்கி. நீலத்த மட்டும் குடு. ஜெர்சி பச்சையே போட்டுக்கறேன், அது எனக்குத் தெரியவா போகுது?"

விக்னேஸ்வரன் சிரித்துவிட்டான். கோபத்தை வைத்துக்கொள்ள அவனுக்கு எப்போதும் தெரிந்ததில்லை. போகும்போது திரும்பி நின்று, "அண்ணே, இந்தச் சட்ட என்னா கலரு?" என்று கேட்டான். அடுத்த ஒரு மாதத்துக்கு ஊரில் எல்லாரும் அதையே கேட்டார்கள், ஜெயபாலன் எல்லாருக்கும் "காஞ்ச ஓல" என்றே பதில் சொன்னான்.

ஆ கீட் நீல மோட்டாரைக் கழுவித் துடைத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வெயிலில் அதைப் பார்த்தபோது ஜெயபாலன் உட்காரவில்லை, சாவியை வாங்கவில்லை, சும்மா நின்றான். "அண்ணே, நல்லா இருக்கா?" என்று ஆ கீட் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினான். ஏழு மோட்டார்களும் வரிசையாக ஏழாங்கட்டைக்குப் போயின. பூசாரி ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சை வைத்தார். நீல மோட்டாரின் முறை வந்தபோது மாலை போட்டது பத்துமலைதான். "மோட்டாருக்குத்தான், ஒனக்கு இல்ல" என்று காதோடு சொன்னார்.

பூசை முடிந்ததும் முதல் பயணம். கோயிலிலிருந்து பழைய தோட்டத்தின் ஐந்தாம் நம்பர் காடு வழியாக, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முனீஸ்வரர் வரைக்கும். முந்தின நாள் மழை பெய்திருந்தது. செம்மண் குழைந்து கிடந்தது. கப்சாய் உட்கார்ந்த இடங்களையெல்லாம் ஸ்கிராம்பளர் எருமைபோல உழக்கிக்கொண்டு போனது. பின்னால் புனிதா ஒரு கையால் அவன் இடுப்பையும் மறுகையால் முறுக்கு டின்னையும் பிடித்துக்கொண்டு, "மெல்ல போங்க, மெல்ல போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் மெல்லப் போகவில்லை. அவளும் நிஜமாகச் சொல்லவில்லை.

ஓடைக்கரையில் எல்லாரும் நிறுத்தினார்கள். செம்பனை மரங்களில் ஆளுக்கொன்றாக மோட்டார்களைச் சாய்த்துவிட்டு, விளக்குக்குத் திரி போட விக்னேஸ்வரனும் மற்றவர்களும் முன்னால் நடந்தார்கள். புனிதா வண்டியிலேயே உட்கார்ந்து முறுக்கு டின்னைத் திறந்தாள். ஜெயபாலன் ஓடையில் இறங்கி, முகத்தில் ஒட்டிய சேற்றைக் கழுவினான். ஈர முகத்தோடு நிமிர்ந்து கரையைப் பார்த்தான்.

ஆறு பச்சை மோட்டார்களும் அங்கே இல்லை. மரம், புல், மண், மோட்டார் எல்லாம் அவன் கண்ணுக்கு எப்போதும்போல ஒரே பழுப்பாக ஒன்றில் ஒன்று கரைந்துவிட்டிருந்தன. அதன் நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் கரையாமல் தனியாக நின்றது. அது அவனுடையது. இவ்வளவு தூரத்திலிருந்து, தேடாமல், யாரும் சுட்டிக் காட்டாமல், தன் பொருள் ஒன்றை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"என்னாங்க அப்படியே நிக்கறீங்க? பாம்பு கீம்பு இருக்கா?" என்று புனிதா மேலிருந்து கேட்டாள்.

"இல்ல. மோட்டாரு தெரியுது."

"மோட்டாரு தெரியாம எங்க போவும்" என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். முறுக்கு டின்னை மூடினாள். மெதுவாக வண்டியிலிருந்து இறங்கி, அவன் முழுதாகப் பார்க்கட்டும் என்று இரண்டு அடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.